அமெரிக்கக் கல்லூரி டென்னிஸில் உதவிப் பயிற்சியாளர்: வேலை, ஊதியம், விதிகள்

2025 செப்டம்பரில் சுவிட்சர்லாந்தின் பீல் நகரில் நடந்த டேவிஸ் கோப்பைச் சுற்றில் இந்தியா 3-1 என்ற கணக்கில் வென்றது. அதில் அறிமுக ஆட்டத்திலேயே ஜெரோம் கிம்மை வீழ்த்தியவர் மதுரையைச் சேர்ந்த தக்ஷிணேஸ்வர் சுரேஷ். தரவரிசையில் தம்மைவிடப் பல நூறு இடங்கள் முன்னே இருந்தவரை வென்ற அவர், சர்வதேசச் சுற்றில் ஊர் ஊராக அலைந்து வளர்ந்தவர் அல்லர். ஜார்ஜியா க்வின்னெட் கல்லூரியிலும், பின்னர் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்திலும் ஆடி வளர்ந்தவர். அவருக்கு முன்பே, சென்னையில் வளர்ந்த சோம்தேவ் தேவ்வர்மன் வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்காக 2007, 2008 ஆகிய இரண்டு ஆண்டுகளும் அமெரிக்கக் கல்லூரி ஒற்றையர் பட்டத்தை வென்றிருந்தார். இந்தப் பாதையைப் பற்றித் தமிழில் பேசும்போதெல்லாம் கல்விச் செலவு, உதவித்தொகை, தலைமைப் பயிற்சியாளரின் புகழ் ஆகியவையே பேசப்படுகின்றன. ஆனால் ஓர் இளம் ஆட்டக்காரருக்கு அங்கிருந்து வரும் முதல் மின்னஞ்சலின் அடியில் பெரும்பாலும் இருப்பது தலைமைப் பயிற்சியாளரின் பெயர் அன்று, 'அசிஸ்டன்ட் கோச்' என்னும் உதவிப் பயிற்சியாளரின் பெயர். அவர் யார், அவருக்கு என்ன அதிகாரம் உண்டு, அவர் அந்தப் பதவியில் எத்தனை நாள் இருப்பார் என்பவற்றுக்கான விடைகள் டென்னிஸைக் காட்டிலும் விதிப்புத்தகங்களிலும் நீதிமன்றத் தீர்ப்புகளிலும்தான் அதிகம் கிடைக்கின்றன.

அடிப்படை அமைப்பு

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் மிகப் பெரிய நிர்வாக அமைப்பு என்சிஏஏ. 1906-இல் தோன்றிய இவ்வமைப்பு கல்லூரிகளை மூன்று பிரிவுகளாகப் பகுத்திருக்கிறது. அவற்றுள் மேல்நிலையில் இருப்பது டிவிஷன் 1. அதில் 200-க்கும் மேற்பட்ட ஆடவர் டென்னிஸ் அணிகளும், 300-க்கும் மேற்பட்ட மகளிர் அணிகளும் உள்ளன. என்ஏஐஏ என்ற தனி அமைப்பின்கீழ் சிறிய கல்லூரிகள் ஆடுகின்றன. தக்ஷிணேஸ்வர் முதலில் சேர்ந்த ஜார்ஜியா க்வின்னெட் அந்த அமைப்பைச் சேர்ந்தது. டென்னிஸுக்கென்றே இயங்கும் கல்லூரிகளிடை டென்னிஸ் சங்கமான ஐடிஏ, தரவரிசை வெளியிடுவதோடு ஆண்டுதோறும் சிறந்த உதவிப் பயிற்சியாளருக்கான விருதையும் தனியே வழங்குகிறது.

நம் கல்லூரிகளில் உடற்கல்வி இயக்குநர் ஒருவரே கபடி முதல் கைப்பந்து வரை எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வார். அங்கே அப்படி இல்லை. பல்கலைக்கழகத்துக்குள்ளேயே 'அத்லெட்டிக் டிபார்ட்மென்ட்' என்ற பெரிய துறை, அதற்கென வரவு செலவுத் திட்டம், அதன் தலைவராக அத்லெட்டிக் டைரக்டர் என்ற அதிகாரி, ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஆடவர் அணிக்கொரு தலைமைப் பயிற்சியாளர், மகளிர் அணிக்கொரு தலைமைப் பயிற்சியாளர் என்று அமைப்பு விரிகிறது. உதவிப் பயிற்சியாளரை நியமிப்பது தலைமைப் பயிற்சியாளரின் விருப்பத்தைப் பெரிதும் பொறுத்தது. ஆகவே தலைமைப் பயிற்சியாளர் விலகினாலோ விலக்கப்பட்டாலோ உதவியாளரின் வேலையும் பெரும்பாலும் அதனுடன் ஆட்டம் காண்கிறது. புதிதாக வருபவர் தமக்கு நம்பிக்கையான ஒருவரை அழைத்து வருவதே அங்கே வழக்கம்.

ஆறு ஆடுகளம், இரண்டு பயிற்சியாளர்

இப்பதவியின் தேவையைப் புரிந்துகொள்ளக் கல்லூரி டென்னிஸின் ஆட்டமுறையைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். இரு கல்லூரிகள் மோதும் ஆட்டத்துக்கு 'டூயல் மேட்ச்' என்று பெயர். முதலில் மூன்று இரட்டையர் ஆட்டங்கள் ஒரே நேரத்தில் நடக்கும், ஒவ்வொன்றும் ஒரே செட். மூன்றில் இரண்டை வெல்லும் அணிக்கு ஒரு புள்ளி. அதன்பின் ஆறு ஒற்றையர் ஆட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. ஆக மொத்தம் ஏழு. முதலில் நான்கைத் தொடும் அணி வென்றதாகிறது. 40-40 என்று சமநிலை வந்தால் அட்வான்டேஜ் கிடையாது, அடுத்த ஒரே பந்தாட்டத்தில் அந்த கேம் முடிந்துவிடும். அப்போது சர்வீஸை எந்தப் பக்கத்தில் வாங்குவது என்பதை வாங்குபவரே தேர்ந்தெடுப்பார்.

தொழில்முறை டென்னிஸில் ஆட்டத்தின் நடுவே பயிற்சியாளர் ஆலோசனை சொல்வது மிக நெடுங்காலம் தடைசெய்யப்பட்டிருந்தது, சர்வதேச டென்னிஸ் விதிகளில் அதற்கு முறையாக இடம் கிடைத்தது 2025 முதல்தான். கல்லூரி டென்னிஸிலோ பயிற்சியாளர் ஆடுகளத்துக்குள்ளேயே நிற்கலாம், பக்கம் மாறும்போது மட்டுமன்றிப் புள்ளிகளுக்கு இடையிலும் பேசலாம். ஆறு ஆடுகளங்களில் ஒரே நேரத்தில் ஆட்டம் நடக்கும்போது தலைமைப் பயிற்சியாளர் ஒருவரால் எல்லா இடத்திலும் நிற்க முடியாது. எனவே இருவரும் பிரித்துக்கொள்கிறார்கள். பல அணிகளில், அணியின் முதல் மூன்று ஆட்டக்காரர்கள் ஆடும் மேல் மூன்று ஆடுகளங்களைத் தலைமைப் பயிற்சியாளரும் கீழ் மூன்றை உதவியாளரும் பார்க்கிறார்கள்.

இந்தப் பிரிவினை கேட்க எளிது, நடக்கும்போது அப்படி இருப்பதில்லை. மூன்றுக்கு மூன்று என்று ஆட்டம் சமநிலையில் நிற்க, ஐந்தாம் ஆடுகளத்தில் மூன்றாவது செட் 5-5, கேமில் 40-40 என்று வைத்துக்கொள்வோம். மற்ற ஐந்து பேரும் ஆட்டம் முடித்து வேலியருகே வந்து நிற்கிறார்கள். சர்வீஸ் வாங்கப்போகும் மாணவர் தம் பின்கை பலவீனத்தை மறைக்க எந்தப் பக்கத்தைத் தேர்ந்தெடுப்பது என்று திரும்பிப் பார்க்கிறார். அந்த இருபது நொடியில் அவருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் உதவிப் பயிற்சியாளர். எதிராளி முக்கியமான நேரத்தில் சர்வீஸை எங்கே போடுவார் என்பதை இரண்டு மணி நேரமாகக் கவனித்து வந்தவரும் அவரே. மறுநாள் செய்தியில் வருவது தலைமைப் பயிற்சியாளரின் மேற்கோள். ஆயினும் ஆட்டக்காரரின் காதில் அந்த நேரத்தில் விழுந்தது உதவியாளரின் குரல்தான். அணிப்பட்டியலில் நான்கு, ஐந்து, ஆறாம் இடங்களில் ஆடுபவர்களின் முன்னேற்றம் பெரும்பாலும் இவரது உழைப்பின் அளவையே காட்டுகிறது.

பதவிப் படிகள்

பெயர்கள் ஒன்றுபோலத் தோன்றினாலும் அவற்றின் பொருள் வேறு வேறு.

1. கிராஜுவேட் அசிஸ்டன்ட். முதுகலை படித்துக்கொண்டே அணிக்கு உதவுபவர். ஊதியத்துக்குப் பதிலாகக் கல்விக் கட்டணச் சலுகையும் சிறு உதவித்தொகையும் கிடைக்கும். இரண்டாம் பிரிவிலும் சிறு கல்லூரிகளிலும் இது அதிகம் காணப்படுகிறது. இளங்கலையில் நான்கு ஆண்டுகள் ஆடி முடித்த ஒருவர் இத்தொழிலுக்குள் நுழையும் இயல்பான வாசல் இது.

2. தன்னார்வப் பயிற்சியாளர். 2023 வரை டிவிஷன் 1 விதிப்புத்தகத்தில் இருந்த பதவி. முழுநேர வேலை, துறையிலிருந்து சம்பளம் கிடையாது. கோடை முகாம்களிலும் தனிப்பயிற்சி வகுப்புகளிலும் கிடைப்பதை வைத்து வாழ வேண்டும்.

3. உதவிப் பயிற்சியாளர். ஊதியமும் மருத்துவக் காப்பீடும் உள்ள முறையான பதவி.

4. இணைத் தலைமைப் பயிற்சியாளர். அங்கே 'அசோசியேட் ஹெட் கோச்' என்பார்கள். இதற்குத் தனி விதி ஏதும் இல்லை, இது அனுபவத்துக்கும் விசுவாசத்துக்கும் தரப்படும் பட்டம். நல்ல உதவியாளரை வேறு கல்லூரி கொத்திக்கொண்டு போகாமல் இருக்கவும் இப்பட்டம் பயன்படுகிறது.

5. தலைமைப் பயிற்சியாளர். சில பல்கலைக்கழகங்களில் ஆடவர், மகளிர் இரு அணிகளையும் மேற்பார்க்கும் 'டைரக்டர் ஆஃப் டென்னிஸ்' என்ற பதவியும் இதற்கு மேல் உண்டு.

மூன்றாம் படிக்கும் ஐந்தாம் படிக்கும் இடையே எத்தனை ஆண்டுகள் ஆகும் என்பதற்குக் கணக்கு எதுவும் இல்லை. மேலே ஓர் இடம் காலியானால்தான் கீழே இருப்பவர் ஏற முடியும். அணிகளின் எண்ணிக்கையோ கூடுவதில்லை.

பயிற்சி நேரம் 20 மணி, வேலை நேரம் வேறு

என்சிஏஏ விதிப்படி, போட்டிப் பருவத்தில் ஒரு மாணவரிடம் நாளொன்றுக்கு 4 மணி நேரமும் வாரத்துக்கு 20 மணி நேரமும்தான் கட்டாயப் பயிற்சி வாங்கலாம், வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வு தர வேண்டும். போட்டி நடக்கும் நாள், ஆட்டம் எவ்வளவு நீண்டாலும், 3 மணி நேரமாகவே கணக்கில் எழுதப்படும். பருவத்துக்கு வெளியே வார வரம்பு 8 மணி. இந்த வரம்பு மாணவருக்கானது. பயிற்சியாளருக்கு எந்த வரம்பும் இல்லை. வாரத்துக்கு 20 மணி என்பதைக் கேட்டு, இது பகுதிநேர வேலை போலிருக்கிறதே என்று நினைப்பவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள்.

காலையில் இருவர் இருவராகத் தனிப்பயிற்சி, பிற்பகலில் அணிப் பயிற்சி, அதற்கு நடுவே அலுவலக வேலை. அறுந்த ராக்கெட்டுகளுக்கு நரம்பு கட்டுவது, வெளியூர் ஆட்டங்களுக்கு விமானச்சீட்டும் விடுதியும் ஏற்பாடு செய்வது, வேன் ஓட்டுவது, உணவுக்குச் சொல்லி வைப்பது, மாணவர்களின் வகுப்பு வருகையையும் மதிப்பெண்ணையும் கண்காணிப்பது, அடுத்த எதிரணியின் காணொளிகளைப் பார்த்துக் குறிப்பெடுப்பது எனப் பட்டியல் நீள்கிறது. கால்பந்து அணிக்கு (கையில் பந்தை எடுத்து ஓடும் அமெரிக்கக் கால்பந்து) இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆட்கள் உண்டு. டென்னிஸில் பெரும்பாலும் எல்லாம் ஒருவர் தலையில் விழுகின்றன.

இவை எல்லாவற்றையும் விட அதிக நேரத்தை எடுத்துக்கொள்வது ஆள்சேர்ப்பு. டிவிஷன் 1 டென்னிஸ் ஆட்டக்காரர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் வெளிநாட்டவர்கள். எனவே உதவிப் பயிற்சியாளர் ஐரோப்பா, தென்னமெரிக்கா, ஆசியா என்று எல்லா நேர மண்டலங்களிலும் விழித்திருக்க வேண்டியவராகிறார். இளையோர் கிராண்ட்ஸ்லாம் போட்டிகள், ஃபுளோரிடாவின் ஆரஞ்ச் பவுல், கலாமசூவில் நடக்கும் அமெரிக்க இளையோர் தேசியப் போட்டி ஆகிய இடங்களில் கல்லூரிச் சட்டை அணிந்தவர்கள் வேலிக்கு வெளியே குறிப்பேட்டுடன் நிற்பதைக் காணலாம். 16.50 வரை எண் தரும் யூடிஆர் மதிப்பீடு வந்தபின், முகம் காணாமலேயே ஒருவரின் தரத்தை ஓரளவு அறிய முடிகிறது. ஆனால் தோற்றுக்கொண்டிருக்கும்போது ஒரு பிள்ளை எப்படி நடந்துகொள்கிறது என்பதை அந்த எண் சொல்லாது. அதற்காகத்தான் உதவிப் பயிற்சியாளர் விமானம் ஏறுகிறார்.

2018-இல் தொடங்கிய 'டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்' இந்தச் சுமையை மேலும் கூட்டியது. வேறு கல்லூரிக்கு மாற விரும்பும் மாணவர்கள் தம் பெயரைப் பதிவு செய்யும் இணையப் பட்டியல் அது. முன்பு ஒருவரைச் சேர்த்தால் நான்கு ஆண்டுகள் நிலைக்கும் என்று எண்ண முடிந்தது. 2024-இல் மாற்றங்களுக்கான எண்ணிக்கை வரம்பே நீங்கிவிட்டதால், இப்போது தன் அணியில் இருப்பவரையும் ஆண்டுதோறும் மறுபடி சேர்ப்பது போலப் பேணித் தக்கவைக்க வேண்டியிருக்கிறது.

ஊதியத்தின் கதை நீதிமன்றத்தில் எழுதப்பட்டது

உதவிப் பயிற்சியாளரின் ஊதியம் ஏன் தாழ்ந்திருக்கிறது என்ற கேள்விக்கு, டென்னிஸில் பணம் இல்லை என்ற விடை பாதிதான் உண்மை. மீதிப் பாதி, அந்த ஊதியத்தைத் தாழ்வாக வைக்கவேண்டும் என்று கல்லூரிகள் கூடி முடிவெடுத்தன என்பது. இது குற்றச்சாட்டு மட்டுமன்று, நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட செய்தி.

1. செலவைக் குறைப்பதற்காக 1991-இல் என்சிஏஏ 'வரையறுத்த வருவாய்ப் பயிற்சியாளர்' என்ற வகையை உருவாக்கியது. இவ்வகையில் வருபவருக்குக் கல்வியாண்டில் 12,000 டாலர், கோடையில் 4,000 டாலர், ஆக ஆண்டுக்கு 16,000 டாலருக்கு மேல் எந்தக் கல்லூரியும் தரக்கூடாது என்று விதித்தது. கூடைப்பந்துப் பயிற்சியாளர்கள் தொடுத்த வழக்கில், இது போட்டியை ஒடுக்கும் கூட்டுச் சதி எனக் கீழமை நீதிமன்றம் கூறியதை 1998-இல் பத்தாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதி செய்தது. ஏகபோகத் தடைச் சட்டப்படி இழப்பீடு மும்மடங்காகி ஏறத்தாழ 67 மில்லியன் டாலரானது. 1999-இல் 54.5 மில்லியன் டாலருக்கு வழக்கு சமரசமாக முடிந்தது.

2. உச்சவரம்பு போயிற்று, ஆனால் எண்ணிக்கை வரம்பு இருந்தது. டிவிஷன் 1 டென்னிஸ் அணிக்கு ஊதியம் பெறும் பயிற்சியாளர்கள் இருவர் மட்டுமே, மூன்றாமவர் தன்னார்வலராகத்தான் இருக்க வேண்டும். பணம் தர விரும்பும் கல்லூரியும் தர முடியாது. 16,000 டாலருக்கு மேல் தரக்கூடாது என்பதை எதிர்த்து வென்ற தலைமுறைக்கு அடுத்த தலைமுறை, ஒரு டாலரும் தரக்கூடாது என்ற விதியின்கீழ் பணியாற்றியது. இதில் இருந்த அநீதி வெளிப்படையானது, அது இத்தனை ஆண்டுகள் கேள்வியின்றி நீடித்ததுதான் வருத்தத்துக்குரியது.

3. 2022 நவம்பரில் பேஸ்பால் தன்னார்வப் பயிற்சியாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2023 ஜனவரியில் என்சிஏஏவின் டிவிஷன் 1 மன்றம் தன்னார்வப் பதவியையே நீக்கத் தீர்மானித்தது. அவ்வாண்டு ஜூலை 1 முதல் மூன்றாமவருக்கும் கல்லூரி ஊதியம் தரலாம் என்றானது. டென்னிஸ் உள்ளிட்ட பிற விளையாட்டுகளின் முன்னாள் தன்னார்வலர்கள் தொடுத்த தனி வழக்கில் 2025-இல் 303 மில்லியன் டாலர் சமரசம் எட்டப்பட்டது.

இங்கே ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும். 'தரலாம்' என்பதே விதி, 'தர வேண்டும்' என்பதன்று. வசதியுள்ள பெரிய பல்கலைக்கழகங்கள் மூன்றாமவருக்கு முழு ஊதியம் தர முன்வரலாம். வசதி குறைந்தவை சிறு தொகையோடு நிறுத்திக்கொள்ளவோ அந்த இடத்தை வெறுமையாக விடவோ விதி தடையாக இல்லை. ஆகவே ஒரே பதவிப் பெயருக்குள் வாழக்கூடிய சம்பளமும் வாழமுடியாத சம்பளமும் அடங்கிக் கிடக்கின்றன. எல்லா நிலைகளையும் சேர்த்து அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறை எடுத்த கணக்கில், பயிற்சியாளர்களின் இடைநிலை ஆண்டு ஊதியம் அண்மை ஆண்டுகளில் 45,000 டாலரை ஒட்டியே உள்ளது.

கூடுதல் நேர ஊதியமும் எளிதில் கிடைப்பதில்லை. அமெரிக்கச் சட்டத்தில் ஆசிரியர்களுக்குக் கூடுதல் நேர ஊதியம் கட்டாயமில்லை. தொழிலாளர் துறையின் விளக்கப்படி, விளையாட்டைக் கற்பிப்பதே முதன்மைப் பணியாக உள்ள கல்லூரிப் பயிற்சியாளரும் ஆசிரியர் வகைக்குள் வரலாம். ஆனால் ஒருவரின் நேரத்தில் பெரும்பகுதி ஆள்சேர்ப்பிலும் நிர்வாகத்திலும் போனால் இந்த விலக்கு பொருந்தாமல் போகலாம் என்றும் அதே விளக்கம் சொல்கிறது. முன்னே சொன்ன வேலைப்பட்டியலை நினைத்துப் பார்த்தால், பல டென்னிஸ் உதவியாளர்கள் கோட்டின் எந்தப் பக்கத்தில் இருக்கிறார்கள் என்பது உண்மையிலேயே விவாதத்துக்குரியது.

ஹவுஸ் உடன்பாட்டுக்குப் பின்

2025 ஜூன் 6 அன்று நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் அளித்த, மாணவ விளையாட்டு வீரர்கள் என்சிஏஏ மீது தொடுத்த 'ஹவுஸ்' வழக்கின் உடன்பாடு கல்லூரி விளையாட்டின் பொருளாதாரத்தையே மாற்றியது. பங்கேற்கும் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் 2025-26-இல் ஏறத்தாழ 20.5 மில்லியன் டாலர் வரை மாணவ விளையாட்டு வீரர்களுக்கு நேரடியாகப் பகிர்ந்தளிக்கலாம். பழைய உதவித்தொகை வரம்புகள் நீங்கி, அணிக்கு இத்தனை பேர் என்ற தலைக்கணக்கு வந்தது. டென்னிஸில் ஆடவர், மகளிர் இரண்டுக்கும் பத்துப் பேர்.

முன்பு ஆடவர் அணிக்கு முழு உதவித்தொகை 4.5 மட்டுமே, அதை எட்டுப் பேருக்கும் பத்துப் பேருக்கும் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுத்தார்கள். மகளிர் அணிக்கு 8. இப்போது விரும்பினால் பத்துப் பேருக்கும் முழுத்தொகை தரலாம். உதவிப் பயிற்சியாளரின் கையில் இதனால் பேசுவதற்கு வலுவான ஒன்று கிடைத்தது போலத் தோன்றும். ஆனால் பகிர்ந்தளிக்கும் பணத்தின் பெரும்பகுதி, வருவாய் ஈட்டும் கால்பந்துக்கும் கூடைப்பந்துக்கும் போகிறது. அந்தத் தொகையைத் திரட்ட மற்ற விளையாட்டுகளின் செலவைச் சுருக்க வேண்டிய நெருக்கடி துறைகளுக்கு ஏற்படுகிறது. டென்னிஸ் வருவாய் தரும் விளையாட்டன்று.

இந்த அச்சத்துக்கு முன்னுதாரணம் உண்டு. கொரோனாக் கால நிதி நெருக்கடியைக் காட்டி 2020-இல் அயோவா, மினசோட்டா, கனெக்டிகட் பல்கலைக்கழகங்கள் ஆடவர் டென்னிஸை நிறுத்துவதாக அறிவித்தன. அயோவாவும் மினசோட்டாவும் பிக் டென் என்னும் பெரும் கூட்டமைப்பைச் சேர்ந்தவை, கால்பந்தில் பெருவருவாய் பார்ப்பவை. அங்கேயே ஆடவர் டென்னிஸ் மூடப்பட்டது என்றால் எளிய கல்லூரிகளின் நிலையைச் சொல்லத் தேவையில்லை. ஓர் அணி மூடப்படும்போது மாணவர்கள் வேறு கல்லூரிக்கு மாறலாம், தலைமைப் பயிற்சியாளருக்கு ஒப்பந்த காலம் மிச்சம் இருந்தால் இழப்பீடு கிடைக்கலாம். ஆண்டு ஒப்பந்தத்தில் இருக்கும் உதவியாளருக்குப் பெரும்பாலும் இரண்டும் இல்லை.

ஆடவர் அணிகள் முதலில் பலியாவதற்கு 1972-இல் வந்த டைட்டில் 9 சட்டமும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. கல்வியில் பால் பாகுபாட்டைத் தடுக்கும் அச்சட்டத்தின்படி, ஆண்களுக்கும் பெண்களுக்கும் விளையாட்டு வாய்ப்புகள் நியாயமான விகிதத்தில் இருக்க வேண்டும். பெருந்தொகையான ஆட்களைக் கொண்ட கால்பந்து அணியை வைத்துக்கொண்டு விகிதத்தைச் சரிசெய்ய, சிறிய ஆடவர் அணிகளை மூடும் முடிவைத் துறைகள் எடுக்கின்றன. அந்த முடிவுக்குச் சட்டத்தைக் குறைசொல்வது சரியன்று, எந்த விளையாட்டில் பணத்தைக் கொட்டுவது என்பது துறைகளின் சொந்தத் தேர்வு.

மேலே ஏறியவர்கள்

இப்படிப்பட்ட நிலையிலும் இப்பதவி ஏன் விரும்பப்படுகிறது என்பதற்குச் சில வாழ்க்கைகள் விடை தருகின்றன.

லெலே ஃபரூத் ஸ்டான்ஃபோர்டில் ஆடியவர். பின்னர் அதே பல்கலைக்கழக மகளிர் அணியில் ஃபிராங்க் பிரென்னனின் உதவியாளராகப் பத்தாண்டுக்கும் மேல் பணியாற்றினார். பிரென்னன் பத்து தேசியப் பட்டங்கள் வென்றவர். அவருக்குப் பின் 2001 முதல் 2019 வரையான காலத்தில் தலைமைப் பயிற்சியாளராக ஃபரூத் வென்றதும் பத்து. அவர் நீண்ட காலம் உதவியாளராக இருந்ததை வெறும் காத்திருப்பாகக் கொள்வது பிழை. ஓர் அணியின் பழக்கவழக்கங்கள் ஆள் மாறினாலும் மாறாமல் தொடர்ந்ததற்கு அந்த ஆண்டுகளே காரணம் என்று கொள்வதே பொருந்தும்.

ஆண்ட்ரெஸ் பெட்ரோசோவின் பாதை வேறு. 2010 முதல் சில ஆண்டுகள் வர்ஜீனியாவில் பிரையன் போலாண்டின் உதவியாளராக இருந்து, 2013-இல் அப்பல்கலைக்கழகம் முதல் தேசிய அணிப் பட்டத்தை வென்றதில் பங்கேற்று, பின் கல்லூரி டென்னிஸைவிட்டு வெளியே சென்றார். 2017-இல் போலாண்ட் விலகியதும் அவரையே தலைமைப் பயிற்சியாளராகத் திரும்ப அழைத்தார்கள். 2022, 2023 ஆகிய இரு ஆண்டுகளிலும் அணி பட்டம் வென்றது. அதே போலாண்டிடம் உதவியாளராக இருந்த இன்னொருவர் டோனி பிரெஸ்கி. 2011-இல் வேக் ஃபாரஸ்டுக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போன அவர், 2018-இலும் 2025-இலும் தேசிய அணிப் பட்டம் வென்றார். மதுரை இளைஞர் கல்லூரி டென்னிஸின் உச்சநிலைக்கு வந்தது இந்த முன்னாள் உதவியாளரின் அணியில்தான்.

எல்லோரும் இப்படிக்கட்டில் ஏறியே வருவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தொழில்முறை ஆட்டக்காரராக இருந்த பிரையன் ஷெல்டன் 1999-இல் ஜார்ஜியா டெக் மகளிர் அணிக்கு நேரடியாகத் தலைமைப் பயிற்சியாளரானார். 2007-இல் அவ்வணியோடும் 2021-இல் ஃபுளோரிடா ஆடவர் அணியோடும் தேசியப் பட்டம் வென்றார். பெயர் பெற்ற ஆட்டக்காரருக்கு இக்கதவு திறக்கிறது. பெயர் பெறாதவருக்கு உதவியாளர் பதவியைத் தவிர வேறு வழி இல்லை.

பெண்களின் நிலை தனியே கவனிக்கத்தக்கது. லிண்டா கார்பென்டர், விவியன் அகோஸ்டா ஆகியோர் பல்லாண்டுகள் தொடர்ந்து எடுத்த கணக்கெடுப்பின்படி, 1972-இல் மகளிர் கல்லூரி அணிகளில் 90 விழுக்காட்டுக்கும் மேலானவற்றுக்குப் பெண்களே பயிற்சியாளர்கள். 2014-இல் அது ஏறத்தாழ 43 விழுக்காடாகக் குறைந்தது. இது எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்த கணக்கு. சட்டத்தால் மகளிர் அணிகளுக்குப் பணமும் மதிப்பும் வந்ததும் அப்பதவிகளை ஆண்களும் நாடினார்கள். வாரக்கடைசிப் பயணங்கள், இரவு நேரத் தொலைபேசி அழைப்புகள், குறைந்த ஊதியம் ஆகியவை சேர்ந்த உதவியாளர் காலம், குழந்தை பெற்று வளர்க்கும் வயதோடு மோதுவதும் பெண்கள் விலகுவதற்கு ஒரு காரணம் என்றே கருத வேண்டியிருக்கிறது.

வெளிநாட்டவருக்கு விசா என்னும் தடை

கல்லூரியில் ஆடி முடித்த வெளிநாட்டு மாணவர் பயிற்சியாளராக விரும்பினால், டென்னிஸ் அறிவுக்கு முன் குடியேற்றச் சட்டத்தைப் படிக்க வேண்டும்.

1. எஃப்-1 மாணவ விசாவில் இருப்பவர் படிப்பு முடிந்தபின் ஓபிடி எனப்படும் பணிப் பயிற்சி அனுமதியில் 12 மாதம் வேலை பார்க்கலாம். வேலை அவர் படித்த பாடத்தோடு தொடர்புடையதாக இருக்க வேண்டும். அறிவியல், தொழில்நுட்பப் பட்டதாரிகளுக்குக் கிடைக்கும் நீட்டிப்பு, வணிக நிர்வாகமோ விளையாட்டு மேலாண்மையோ படித்தவருக்குப் பொதுவாகக் கிடைப்பதில்லை.

2. முதுகலையில் சேர்ந்து கிராஜுவேட் அசிஸ்டன்ட் ஆவது மாணவ விசாவிலேயே இருந்து அனுபவம் பெறும் வழி. கல்விப் பருவத்தில் வளாக வேலை வாரத்துக்கு 20 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது.

3. அடுத்தது எச்-1பி. பல்கலைக்கழகங்களுக்கு இந்த விசாவில் ஆண்டு எண்ணிக்கை வரம்போ குலுக்கலோ இல்லை, இது பெரிய சாதகம். ஆனால் அந்த வேலைக்குக் குறிப்பிட்ட துறையில் பட்டம் தேவை என்று நிறுவ வேண்டும். டென்னிஸ் பயிற்சிக்கு இதை நிறுவுவது எளிதன்று. 2025 செப்டம்பரில் வந்த அதிபர் ஆணை, அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவருக்காகப் புதிதாகப் போடும் எச்-1பி விண்ணப்பங்களுக்கு 1 லட்சம் டாலர் கட்டணம் விதித்தது. உதவிப் பயிற்சியாளரின் ஈராண்டுச் சம்பளத்தைவிடப் பெரிய அத்தொகையை ஒரு டென்னிஸ் அணிக்காக எந்தத் துறை கட்டும் என்று எண்ணிப் பார்க்கலாம். ஏற்கெனவே அங்கே படித்துக்கொண்டிருப்பவர் உள்ளிருந்தபடியே விசா வகை மாறினால் இக்கட்டணம் பொருந்தாது என்று பின்னர் விளக்கம் வந்தது. எனவே இந்தியாவிலிருந்து நேரடியாகப் பயிற்சியாளர் வேலைக்குப் போவதைவிட, அங்கே படித்து அங்கேயே தொடர்வதுதான் நடைமுறையில் எஞ்சியுள்ள வழி.

அந்த மின்னஞ்சலை எப்படிப் படிப்பது

மேலே கண்டவை தமிழ்நாட்டில் இருக்கும் ஓர் இளம் ஆட்டக்காரரின் குடும்பத்தைத் தொடும் இடம் ஒன்று உண்டு. உதவிப் பயிற்சியாளர் எழுதும் கடிதம் பெரும்பாலும் உண்மையான ஆர்வத்தோடுதான் எழுதப்படுகிறது. ஆயினும் உதவித்தொகை எவ்வளவு என்பதை முடிவு செய்யும் அதிகாரம் தலைமைப் பயிற்சியாளரிடமும் துறையிடமும் இருக்கிறது. முன்பு சேர்க்கையை உறுதி செய்த 'நேஷனல் லெட்டர் ஆஃப் இன்டென்ட்' என்ற ஆவணம் 2024 அக்டோபரில் நீக்கப்பட்டது. அதன் இடத்தில் இருப்பது பல்கலைக்கழகம் தரும் நிதியுதவி ஒப்பந்தம் மட்டுமே. வீடியோ அழைப்பில் சொல்லப்படும் தொகை அந்த ஒப்பந்தத்தில் எழுத்தாக வரும்வரை எதையும் முடிந்ததாகக் கொள்ளக்கூடாது.

தலைமைப் பயிற்சியாளர் விலகினால் மாணவர்கள் வேறு கல்லூரிக்கு மாறத் தனிக் கால அவகாசம் என்சிஏஏ விதிகளில் உண்டு. உதவிப் பயிற்சியாளர் விலகினால் அப்படி எதுவும் இல்லை. முதல் கடிதம் எழுதியவர், பெற்றோரிடம் இரவில் பேசியவர், பிள்ளையின் ஆட்டத்தை நேரில் வந்து பார்த்தவர், அப்பிள்ளை ஆகஸ்ட் மாதம் வளாகத்தில் பெட்டியை இறக்கும்போது வேறு மாநிலத்தில் வேறு அணியின் சட்டையை அணிந்திருக்கக்கூடும். ஆகவே பேச்சு முற்றும் நிலையில் ஒருமுறையாவது தலைமைப் பயிற்சியாளரோடு நேரடியாகப் பேசுவதும், அணியில் தற்போது ஆடும் இருவரிடமாவது விசாரிப்பதும், உதவிப் பயிற்சியாளர் அங்கே எத்தனை ஆண்டுகளாக இருக்கிறார், அவருக்கு முன் இருந்தவர் எத்தனை ஆண்டுகள் இருந்தார் என்று கேட்பதும் முறையானவை. இக்கேள்விகளை அங்கே யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.